தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தும் மலையடிவாரத்தில் ஆள் தங்காதது ஏன்?

மே 18, இரவு 9.50

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்தில் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு பிள்ளை நர்சிங் படித்திருக்கிறது. அப்புறம் கிராமத்தில் வைத்தியம் இல்லை என்று எதற்குப் புலம்புகிறீர்கள்?"

நான் குலசேகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதினாறு வருஷமாக லேப் டெக்னீஷியன். என் அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி இருக்கிறது, உண்மை. எல்லாம் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மெயின் ரோட்டைப் பிடித்தே இருக்கிறது. பேச்சிப்பாறையிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிக்காரர் என்ற பழங்குடிகளின் குடியிருப்பிலிருந்து வருபவருக்கு அந்த 40 தொடங்குவதற்கு முன்னால் காட்டு வழி நடை இருக்கிறது, படகு இருக்கிறது, படகுக்கு ஆள் கிடைக்க வேண்டும், அப்புறம்தான் ஜீப். மழைக்காலத்தில் இதில் ஏதாவது ஒன்று அறுந்து போகும். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதை மற்ற மாவட்டத்துக்காரர்கள் நினைவில் வையுங்கள்.

டாக்டர்களைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். வருபவர்கள் பி.ஜி. எனும் மேற்படிப்பு சீட்டுக்காகத்தான் வருகிறார்கள். வருகிறார்கள், படிக்கிறார்கள், போகிறார்கள்.

மே 19, காலை 6.15

நேற்று எழுதியதற்கு ஒருவர், "உங்கள் மாவட்டத்தில் கிராமமே கிடையாதே" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தார். காரணம், இங்கே நிறைய ஊர்கள் பேரூராட்சி. வீட்டைச் சுற்றி ரப்பர், பின்னால் மரச்சீனி (மரவள்ளி), கிணற்றடியில் வாழை, பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஆனாலும் காகிதத்தில் அது டவுன். அந்தப் பேரை வைத்துக்கொண்டு, இந்த மாவட்டத்துக்குக் கிராம மருத்துவப் பிரச்சினை இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) என்பது நாடு முழுக்க வைத்திருக்கும் அளவு. தலையை எண்ணிப் போட்ட அளவு இது. ஒரு செவிலியர் ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்த குடியிருப்புக்கு எத்தனை மணி நேரம் நடக்கிறாள் என்பது இதில் எங்கே வருகிறது?

மே 19, இரவு 11.05

பாம்புக்கடி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலம் இரண்டு, மூன்று மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். கீழே சருகு மெத்தை மாதிரி கிடக்கும். நாலைந்து வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம், விடியற்காலம் நாலரைக்கு என் போன் அடித்தது. டியூட்டியில் இருந்த நர்ஸ் தங்கை. "அண்ணா, பாம்பு கடிச்ச கேஸ். உடனே வாங்க." நான் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன், ஓடினேன்.

ஐம்பது வயதுக்காரர். நெற்றி விளக்கைக்கூட அணைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அந்த வெளிச்சம் நேரே எங்கள் கண்ணில் அடித்தது. வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி, சுற்றிலும் வீக்கம். டாக்டர் அன்றைக்கு இரண்டு பி.எச்.சி.யைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், போனில் கிடைத்தார். முதலில் ரத்தம் உறைகிறதா பார் என்றார்.

அது பெரிய சோதனையே இல்லை. 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் ஆட்டாமல் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ஆறுதல். தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. ஆனால் குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒழுங்காக உறையாது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றிவிடும். எங்களுக்கு சப்ளையாக வருவதெல்லாம் பிளாஸ்டிக். நான் கைக்காசில் வாங்கிய ஆறு கண்ணாடிக் குழாய்களைச் செய்தித்தாளில் சுற்றி, மேஜையின் கீழ் அறையில் வைத்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்தோம்.

அந்த 20 நிமிடம் இருக்கிறதே. வெளியே மழை. அவர் மனைவி வாசல்படியில் நின்றுகொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எதற்குப் பார்க்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று புரிந்திருந்தது. நேரம் முடிந்து சாய்த்தேன். ஓடியது.

விஷமுறிவு மருந்து பொடியாக வரும், குப்பிக்கு 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் போகும். அந்தத் தங்கை ஒவ்வொரு குப்பியாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பத்துக் குப்பி. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டாக்டர் போனில், நான் குப்பியை உடைத்துக் கொடுக்க, அவள் தனியாக நின்று ஏற்றினாள். பிறகு 108 வந்து ஆசாரிப்பள்ளம் கொண்டு போனது. ஆள் பிழைத்தார்.

அவள் தொகுப்பூதிய நர்ஸ். 2015இல் தேர்வு எழுதி 7,700 ரூபாய் மாதச் சம்பளத்தில் சேர்ந்த கூட்டத்தில் ஒருத்தி. வருஷக்கணக்கில் நிரந்தரம் ஆகாமலே அந்த வேலையைப் பார்த்தாள்.

மே 20, மதியம் 1.30

ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார், பெயர் போடவில்லை. நம் மாவட்ட மலையோரம் இரண்டு வருஷம் இருந்தாராம். "பி.ஜி. சீட்டுக்காகத்தான் வருகிறார்கள்" என்ற என் வரி அவரை நோகடித்திருக்கிறது. அவர் எழுதியதன் சாரம்: குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வேறு பி.எச்.சி.க்கு மாற்றுப் பணி, ஒரு நாள் முகாம், ஒரு நாள் மீட்டிங். ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள். சாப்பாட்டுக்குச் சந்திப்பில் இருக்கும் பேக்கரி. இத்தனையிலும் ஓ.பி.யில் நூறு பேருக்குக் குறையாமல் பார்த்திருக்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன். என்னுடன் வேலை பார்த்த டாக்டர்களில் ஆறேழு பேரின் முகம் ஞாபகம் வருகிறது. ஒருவரையாவது வீட்டுக்கு வாருங்கள், ஒரு நேரம் மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டேனா? இல்லை. ஊரும் கூப்பிடவில்லை. வந்தவர்களை நாம் விருந்தாளியாகவும் வைத்துக்கொள்ளவில்லை, ஊர்க்காரராகவும் ஆக்கிக்கொள்ளவில்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

பி.ஜி. சீட்டு விஷயத்திலும் நான் பாதியைத்தான் சொன்னேன். அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது, 2017இல் போய்விட்டது, 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று சொன்ன பிறகு திரும்பி வந்தது. அதை நம்பித்தான் பல இளம் டாக்டர்கள் மலையடிவாரத்துக்கு வருகிறார்கள். அப்படிப் படித்த ஒருவர் மகப்பேறு டாக்டராகத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தால் யாருக்கு லாபம்? நமக்குத்தான். அவர் படிக்கப் போவதில் குற்றம் எதுவும் இல்லை, போன இடத்துக்கு அடுத்த ஆள் மாசக்கணக்கில் வராததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே 20, இரவு 10.20

அதே டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "கடித்தது என்ன பாம்பு?"

இத்தனை நாள் நான் அதை விசாரிக்கவே இல்லை. இன்று மாலை அந்த நர்ஸ் தங்கைக்குப் போன் போட்டேன், அவள் இப்போது வேறு இடத்தில் இருக்கிறாள். கடிபட்டவரின் மகன் பிறகு பாம்பைக் கொன்று பையில் போட்டு மெடிக்கல் காலேஜுக்கே கொண்டு போயிருக்கிறான். சருகுக்குள் கிடக்கும் சின்னக் குழிவிரியன், மூக்கு மேல்நோக்கி வளைந்தது. நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான். இந்தக் குழிவிரியனுக்கு அது கேட்காது. ஆனால் இதுவும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆக, அன்றைக்கு நாங்கள் ஏற்றிய பத்துக் குப்பி அவரைக் காப்பாற்றவில்லை. மெடிக்கல் காலேஜில் மூன்று வாரம் டயாலிசிஸ் செய்ததுதான் காப்பாற்றியிருக்கிறது. இப்போது ஆள் நன்றாக இருக்கிறாராம், பால்வெட்டுக்கு மட்டும் போவதில்லை.

எந்தப் பாம்பு என்று தெரியாத நேரத்தில் நாங்கள் செய்தது சரி என்றுதான் டாக்டரும் சொல்கிறார். ஆனாலும் நேற்று மருந்தால் பிழைத்தார் என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது தப்பு. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை இருக்கிறது. எந்தத் தோட்டத்தில், எந்த மாதம், என்ன பாம்பு என்ற கணக்கு ஒழுங்காகச் சேர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்புக்கென்று தனி மருந்து கேட்க நம் கையில் ஆதாரம் இருக்கும். பால்வெட்டுக்காரர்கள் வீட்டில் சொல்லுங்கள்: பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம், இன்னொரு கடிதான் மிச்சம். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடித்த காலை ஆட்டாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மே 21, காலை 7.00

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான்களைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், நம் மாவட்டம் வர்ம வைத்தியத்தின் மண். என் தாத்தா பலாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோது திருவட்டாறு பக்கத்து ஆசான் ஒருவர்தான் கட்டுப் போட்டார், கை நேராகவே கூடியது. அந்த ஆசானிடம் பாம்புக்கடி போனால் தொடமாட்டார். "வண்டியப் பிடி மக்கா" என்பாராம். தன் எல்லை தெரிந்த வைத்தியர். இப்படிப்பட்டவர்களை எதிரியாகப் பார்க்காமல், எந்த நோயாளியை எப்போது அனுப்ப வேண்டும் என்று பி.எச்.சி. அவர்களோடு பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

மே 21, இரவு 9.40

"அந்தக் காலத்து டாக்டர்கள் தியாகம் செய்தார்கள், இன்றைக்கு எவருக்கும் அந்த மனசு இல்லை" என்று ஒருவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சாமர்வெல்லை உதாரணம் காட்டுகிறார்.

சாமர்வெல் மேல் எனக்கும் அளவில்லாத மரியாதை. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பியூ என்ற ஒரே டாக்டர் அத்தனை கூட்டத்துக்கும் தனியாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டு இங்கேயே தங்கினார். வயிற்றுப்புண் அறுவைச் சிகிச்சையில் பேர் பெற்றவர். ஆனால் அந்த ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. அது நின்றது தியாகத்தால் மட்டும் இல்லை. 1860களில் ஜான் லோ என்ற டாக்டர் அங்கே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அதில் படித்தவர்கள் கிளை ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். ஊர்ப் பையன், ஊர்ப் பேச்சு, ஊரில் வீடு. கிளைகள் விரிந்தது அவர்களால்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகளைச் சேர், கிராமத்துக்குப் பக்கத்தில் படிக்க வை, இருக்க வீடும் ஒழுங்கான வேலைச் சூழலும் கொடு. இதை நம் மண்ணில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். தியாகம் செய்யும் ஒருவருக்காகக் காத்திருந்தால் அவர் வராத வருஷங்களில் பிரசவம் நிற்குமா?

மே 22, மாலை 5.45

அம்மா இந்த இழை முழுவதையும் என் போனில் வாசித்தாள். இரண்டு திருத்தம் சொன்னாள்.

ஒன்று, அணைக்கு அக்கரை போகப் படகுக்கு ஆள் கிடைக்காது என்று நான் எழுதியது எப்போதும் சரியில்லை. பிரசவம் என்று சத்தம் கேட்டால் எந்த ராத்திரியும் ஆள் வந்திருக்கிறார்கள். கிடைக்காமல் போனது டீசல்தான்.

இரண்டாவது, "டாக்டர், டாக்டர் என்றே பேசுகிறாய், எங்களைப் பற்றி ஒரு வரியா?" என்று கேட்டாள். நியாயம். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது தோளில் ஒரு பை, அதில் எடை பார்க்கும் தராசு, தடுப்பூசிக்கு ஐஸ் வைத்த கேரியர், ஒரு நோட்டு. துணை நிலையத்தின் பின்னறையிலேயே குடியிருந்தாள். நான் பிறந்ததும் அங்கேதான். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது தலைக்குள் இருக்கும். ஓய்வு பெறும்போது அந்த நோட்டு பதினான்கு பதிவேடாகவும் ஒரு லேப்டாப்பாகவும் ஆகியிருந்தது. பிக்மி என்ற அரசு கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிவேற்றினால்தான் கர்ப்பிணிக்கு நம்பர் வரும், அந்த நம்பர் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வரும். மலையில் சிக்னல் கிடையாது. பகலில் வீடு வீடாக நடந்துவிட்டு, ராத்திரி பேச்சிப்பாறை ஜங்ஷனில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஏற்றுவாள். அப்பா பைக்கில் காத்திருப்பார்.

"பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் எந்தக் கர்ப்பிணியும் கணக்கில் விட்டுப் போகவில்லை. ஆனால் அதைச் செய்ய இன்னொரு பிள்ளையைப் போடட்டும்" என்கிறாள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போகும் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், மாத்திரைக்காக மலையிறங்கிய கிழவர்களுக்கு அது பெரிய உதவி, அதை அம்மாவும் ஒத்துக்கொள்கிறாள். அவர்களும் உள்ளூர்ப் பெண்கள்தான்.

மே 23, இரவு 10.50

சின்னத்துறையிலிருந்து ஒரு தம்பி: "மலையையே பேசுகிறீர்கள். நாங்கள் ஆழ்கடலுக்கு முப்பது, நாற்பது நாள் போகிறோம். படகில் நெஞ்சுவலி வந்தால்?" உண்மை. தூத்தூர் பக்கத்துப் படகுகளில் ஒரு முதலுதவிப் பெட்டி இருந்தால் பெரிது. ஒகி புயலுக்குப் பிறகு கடலில் தொலைத்தொடர்பு பற்றி எவ்வளவோ பேசினோம், வைத்தியம் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு படகிலும் இரண்டு பேருக்காவது ரத்தக்கசிவை நிறுத்தவும் நெஞ்சை அழுத்தவும் பயிற்சி கொடுக்கலாம். கடல் எனக்குத் தெரியாத உலகம், தம்பி விரிவாக எழுதினால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

மே 25, காலை 6.40

நர்சிங் படித்த பிள்ளைகள் எல்லாம் எங்கே என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. என் கூடப்பிறந்த தங்கையைச் சொல்கிறேன். வங்கிக் கடனில் பி.எஸ்சி. நர்சிங். முடித்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கடன் தவணை கட்டினால் பஸ் காசு மிஞ்சாது, அப்படி ஒரு சம்பளம். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2016இல் அமைத்த குழு சொன்னது, அவளுக்கு அதில் பாதிகூட வரவில்லை. மூன்று வருஷம் பொறுத்தாள், வளைகுடா நாட்டு வேலைக்கான புரோமெட்ரிக் தேர்வு எழுதினாள், இப்போது குவைத்தில் இருக்கிறாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம். அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன மாதம் போனில் கேட்டாள், "அண்ணா, நம்ம பி.எச்.சி.யில நிரந்தர வேலை விழுமா? விழுந்தா நான் வந்திருவேன்." சம்பளம் இங்கே பாதிதான் வரும் என்றேன். "பாதி போதும், பிள்ளை என்னை வீடியோவிலதான் பாக்கிறான்" என்றாள்.

மே 27, இரவு 8.30

ஒரு காணிக்காரப் பெண்ணின் அப்பா எழுதியிருக்கிறார், மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாளாம், அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்புங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸில் நிற்க வேண்டாம். விண்ணப்பத்தைக் குலசேகரத்தில் ஏதாவது ஒரு கடையில் போடாதீர்கள், ஒரு எழுத்து தப்பினாலும் சீட்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பி.எச்.சி.க்கு வாருங்கள், நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். உங்கள் குடியிருப்புப் பேரைச் சொன்னேன், "அங்கே பாறைக்குப் பக்கத்து வீடா?" என்று கேட்டாள். உங்கள் மகள் பிறந்த ராத்திரி படகில் வந்தது தானாக இருக்கும் என்கிறாள்.